காவல்காரரின் கோட்டுக்குள் என்ன?

எதுவுமே நடக்காமல் இருப்பதற்காகச் சம்பளம் வாங்குகிற தொழில் வாசல் காவல். ஏதாவது நடந்துவிட்டால் "நீ எதற்கு நின்றாய்?" என்பார்கள். ஒன்றும் நடக்காவிட்டால் "நீ எதற்கு நிற்கிறாய்?" என்பார்கள். சூப்பர்மார்க்கெட்டிலும் வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருக்கும் சக பாவிகளே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நான் நிற்பது லண்டனில், ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில், ஒரு நகைக்கடை வாசலில். முதலாளி சொக்கலிங்கம், மதுரைக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் கவலைப்பட ஒன்றும் இல்லாத நாளில் அதற்காகவே கவலைப்படுவார். நகையை எடுத்துக் காட்டி விற்பது வசந்தியக்கா, ஊர் யாழ்ப்பாணத்து மானிப்பாய். கடையை உண்மையில் நடத்துவது அவர்தான் என்பது முதலாளியைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அடியேன் யோகன். இதற்கு முன் பல வருஷம் பெட்ரோல் ஷெட்டில் இரவு ஷிப்ட் செய்து, குடிகாரருக்குச் சிகரெட் விற்று, பகலில் தூங்கத் தெரியாமல் கிறுக்குப் பிடித்துத் திரிந்தவன். பகல் வேலை, பக்கத்தில் ஹீட்டர், பேசுவதற்குத் தமிழ்ச் சனம் என்று இந்த வேலை அமைந்தபோது கோயிலில் தேங்காய் உடைத்தேன். அந்த வேலைதான் இந்தத் தை மாதம் ஊசலாடியது. காரணம் துவக்கு, அதாவது துப்பாக்கி. என்னிடம் இல்லாத துவக்கு.

கையை வீசிக்கொண்டு நிற்கிறவர்

திருச்சியிலிருந்து மகனைப் பார்க்க வந்திருந்த ஒரு அம்மா. பட்டுச்சேலை, அதன்மேல் முழங்கால்வரை கோட், காலில் மகன் ஓடப் போடுகிற சப்பாத்து. கதவைத் திறந்துவிட்டேன். உள்ளே போகாமல் என்னைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார், கோயில் தூணைப் பார்க்கிற மாதிரி. "துப்பாக்கி எங்கங்க? எங்க ஊர்ல பேங்க் வாசல்லயே ரெட்டைக்குழல் துப்பாக்கியோட ஒருத்தர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாரே" என்றார்.

எனக்கும் அது தெரியும். அகதியாகச் சென்னையில் இருந்த காலத்தில் ஒரு வங்கி வாசலில் அப்படி ஒருவரோடு சினேகிதம் பிடித்திருந்தேன். இது சுடுமா ஐயா என்று ஒருநாள் கேட்டதற்கு, துப்பாக்கி தன்னிடம், தோட்டா மானேஜரிடம், மானேஜர் லீவில் என்று சொன்னார். அந்தக் கதையை இந்த அம்மாவிடம் சொல்ல மனம் வரவில்லை. இந்த நாட்டில் ரோந்து வருகிற சாதாரணப் பொலிஸ்காரரே துவக்கு வைத்திருப்பதில்லை, நான் வைத்திருந்தால் திருடனுக்கு முன்னால் நான் உள்ளே போய்விடுவேன் என்று பணிவாகச் சொன்னேன். அம்மாவின் முகம் இரக்கத்தால் கனிந்துபோனது. மகன் பக்கம் திரும்பி, என் காதில் விழும்படியாகவே சொன்னார்: "துப்பாக்கியும் கிடையாது, கம்பும் கிடையாதுன்னா இந்த மனுஷனை எதுக்குடா குளிர்ல நிக்க வெச்சிருக்காங்க? உள்ள கூப்பிட்டு உட்கார வெச்சு ஒரு காப்பி குடுக்கச் சொல்லு."

உறைக்குச் சட்டம் கிடையாது

இதை முதலாளி கேட்டுவிட்டார். போதாக்குறைக்கு அந்த வாரம்தான் அடுத்த தெரு நகைக்கடை ஒன்றில் சுத்தியலோடு மொப்பெட்டில் வந்தவர்கள் கண்ணாடியை உடைத்து அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். முதலாளிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒருநாள் காலையில் ஒரு பார்சலைப் பிரித்தார். உள்ளே தோலால் செய்த கைத்துப்பாக்கி உறை, பெல்ட்டோடு. இணையத்தில் வாங்கியதாம். "துப்பாக்கிதான்யா சட்ட விரோதம். உறைக்குச் சட்டம் கிடையாது. வெளியில தெரியற மாதிரி மாட்டிக்க. உள்ள உன் மூக்குக் கண்ணாடியை வெச்சுக்க. எட்ட நின்னு பாக்கிறவனுக்கு என்ன தெரியும்?"

என் கையில் மாட்டியிருக்கிற லைசென்ஸ் அட்டையைக் காட்டினேன். காவல் வேலைக்கு அதுதான் உயிர். அது பறிபோனால் லண்டனில் ஒரு வாசலிலும் நிற்க முடியாது, மறுபடி பெட்ரோல் ஷெட்தான். துவக்கு இருப்பதாகப் பாசாங்கு செய்து சனத்தைப் பயமுறுத்தினால் அட்டையை மட்டுமா பிடுங்குவார்கள் என்று கேட்டேன். முதலாளி பெருமூச்சு விட்டார். "அப்ப ஒரே வழிதான். ரெட்டைக் கண்ணாடிக் கதவு போட்டுடறேன். ஒண்ணு மூடினாத்தான் இன்னொண்ணு திறக்கும். அதுக்கு லீவும் வேண்டாம், டீயும் வேண்டாம்." அதற்குப் பிறகு வாசலில் ஆள் எதற்கு என்பதை அவர் சொல்லவில்லை.

வசந்தியக்கா கவுண்டரைத் துடைத்தபடி இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தார். உறையை இரண்டு விரலால் தூக்கி, செத்த எலியைப் போடுகிற மாதிரி பார்சலுக்குள் திரும்பப் போட்டார். "முதலாளி, இடுப்பில உதோட ஒரு தமிழன் வாசலில நிண்டால் கள்ளன் வருவானோ வரமாட்டானோ எனக்குத் தெரியாது, ஆனால் எங்கட சனம் ஒண்டும் வராது. அவையள் உதைப் பாத்துத்தான் ஊரை விட்டு ஓடி வந்தவை."

மாணிக்கம் அண்ணையின் கண்

யாழ்ப்பாணத்து ஆட்களில் ஒரு குறிப்பிட்ட வயதுக்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. புது ஆளைக் கண்டால் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இடுப்பைப் பார்ப்பார்கள். இடுப்பில் கட்டிய சாரத்தின்மேல் சேட் தொங்குகிற விதத்தில் ஏதாவது புடைப்பு இருக்கிறதா என்று கண் தானாகவே போய் அளந்துவிட்டு வரும். பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கை மறந்தவர்கள்கூட இதை மறக்கவில்லை.

பக்கத்துச் சாப்பாட்டுக் கடை மாணிக்கம் அண்ணை அந்த வயதுக்காரர். தை மாதக் குளிரில் என் நாரி, இடுப்பின் பின்பக்கம், விறைத்துப் போவதைப் பார்த்து, என் மனைவி சுடுதண்ணிப் பை ஒன்றை நிரப்பி, தான் பின்னிய பச்சைக் கம்பளி உறைக்குள் போட்டு, கோட்டுக்குள் பெல்ட்டோடு கட்டிவிட ஆரம்பித்திருந்தா. வலது பக்கம் கொஞ்சம் புடைத்துக்கொண்டு நின்றது. மாணிக்கம் அண்ணை வழக்கம்போலத் தேத்தண்ணி கொண்டுவந்தார், கண் கீழே போனது, தேத்தண்ணி தளும்பியது. அன்றைக்கு என்னை முதல்முறையாக "நீங்கள்" என்றார். மட்டன் ரோல் ஒன்றும் வந்தது, நான் கேட்காமலே.

விஷயம் புரிந்ததும் நான் பதறிப்போனேன். அண்ணை, அது சுடுதண்ணிப் பை, நாரிப்பிடிப்புக்கு மனிசி கட்டிவிட்டது, வேண்டுமானால் தொட்டுப் பாருங்கள் என்று கோட்டைத் திறக்கப் போனேன். அவர் இரண்டு கையாலும் என் கோட்டை மூடிவிட்டார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "ஓம் தம்பி, சுடுதண்ணிப் பைதான். ஆரும் கேட்டால் நானும் அப்பிடியே சொல்லுறன்."

மரியாதையின் பாரம்

அவர் அப்படியே சொன்னார் போலிருக்கிறது, ஏனென்றால் ஒரு வாரத்தில் தெருவில் ஒருவரும் நம்பவில்லை. கடைக்கு முன்னால் குந்தியிருந்து சிகரெட் குடிக்கிற பையன்கள் எனக்குக் குட் மோர்னிங் சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் போய்க் குந்தினார்கள். பக்கத்துப் பகுதியான ஃபாரஸ்ட் கேட்டில் அறை வாடகைக்கு விடுகிற ஒருவர், வாடகைக்காரரோடு பேச்சுவார்த்தை இருக்கிறது, நீங்கள் வாய் திறக்க வேண்டாம், வந்து சும்மா இருந்தால் போதும் என்று கூப்பிட்டார். நான் மறுக்க மறுக்க மரியாதை கூடியது. மறுக்கிறவன்தான் உண்மையில் வைத்திருப்பான் என்பது எங்கள் சனத்தின் அனுபவம்.

முதலாளியிடம் போய் முறையிட்டேன். இது வம்பில் முடியும், நீங்களாவது நாலு பேரிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். அவர் முகத்தில் மாதக்கணக்காகக் காணாத ஒளி. ரெட்டைக் கதவுக்காரருக்குப் போன் போட்டு இப்போதைக்கு வேண்டாம் என்று என் கண்முன்னாலேயே சொன்னார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. நிம்மதிதான் கொஞ்சம் அதிகம். வேலை தப்பிவிட்டதல்லவா! முதலாளி என் தோளில் தட்டினார். "நான் எதுக்குய்யா சொல்லணும்? நான் எதுவும் வெச்சுக்கச் சொல்லலை, நீயும் எதுவும் வெச்சுக்கலை, ஆனா திருடன் பயப்படறான். இதைவிட லட்சணமா ஒரு பாதுகாப்பு இருக்க முடியுமா?"

திரும்பி நிற்கும் வேலை

என் வேலையில் பாதி, தெருவைப் பார்ப்பது அல்ல. தெருவுக்கு என் உடம்பைக் காட்டி மறைப்பது. கொடி வாங்க வருகிற பெண்களுக்காக இது. கொடி என்றால் எங்கள் பெண்கள் கழுத்தில் தாலியோடு கிடக்கிற கனத்த தங்கச் சங்கிலி. வெறும் சங்கிலி என்று யாராவது சொன்னால் அடி விழும். ஊரில் அதை எல்லோரும் பார்க்கப் போட்டார்கள். இங்கே சங்கிலி பறிக்கிறவர்கள் கண்ணில் படாமல் மறைத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. ஆகவே போகும் முன் ஒவ்வொருவரும் கதவருகே நின்று அதை ஸ்வெட்டருக்குள் தள்ளி, மேலே ஒரு சால்வை சுற்றி, கோட்டின் கடைசிப் பொத்தான்வரை பூட்டுவார்கள். அதுவரை நான் கதவை அடைத்துக்கொண்டு அவர்களுக்கு முதுகைக் காட்டி நிற்பேன். பிறகு தெருவைப் பார்த்துவிட்டு, ஸ்டேஷன் திருப்பம்வரை கூட நடந்து போய்விட்டு வருவேன்.

ஒரு தங்கச்சி இப்படி மறைத்து முடிக்கக் நெடுநேரம் எடுத்தாள். சால்வையைச் சுற்றினாள், கழற்றினாள், மறுபடி சுற்றினாள். என் முழங்கால் கெஞ்சியது. கடைசியில் பின்னாலிருந்து குரல் வந்தது: "ஓம் அண்ணை, இப்ப திரும்புங்கோ. என்னைப் பாத்தாக் கொடி போட்ட ஆள் மாதிரி இருக்கோ, சளி பிடிச்ச ஆள் மாதிரி இருக்கோ?"

வெளியிலா, உள்ளுக்கா?

ஃபாரஸ்ட் கேட் ராணியக்கா மகளின் கலியாணக் கொடிக்கு ஓடர் கொடுக்க வந்தா. கூட இரண்டு அமெரிக்கர்கள். ஒருவர் அவவின் அத்தான், டெக்சாஸ். மற்றவர் சொந்தத் தம்பி, ஒஹாயோ. கலியாணத்துக்காக லண்டன் வந்து, ஒரே வீட்டில், ஒரே சோபாவில் ஒரு வாரமாக இருக்கிறார்களாம். அதற்குள் இருவருக்கும் பேச வேறு விஷயம் தீர்ந்துபோயிருந்தது. துவக்கை இடுப்பில் வெளியே தெரியக் கட்டுவது நல்லதா, சேட்டுக்குள் மறைத்துக் கட்டுவது நல்லதா என்பதில் சண்டை.

அத்தான் வெளியே கட்சி. "எங்கட ஊரில நான் மரக்கறி வாங்கப் போனாலும் இடுப்பில தெரியத்தான் கட்டுறனான். கண்டவன் ஓடிடுவான். மறைச்சு வைக்கிறது நேர்மையில்லை." தம்பி உள்ளே கட்சி. "கண்டவன் ஓடமாட்டான் அத்தான், முதல்ல உங்களைத்தான் சுடுவான். மறைச்சு வைச்சா எவனிட்ட இருக்கு எண்டு தெரியாமல் எல்லாருக்கும் பயப்பிடுவான்." வசந்தியக்கா வெல்வெட் தட்டில் வைத்த கொடிகளை ஒருவரும் பார்க்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது. இரண்டையும் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாங்கள். தோளில் தெரியப் போட்டுக்கொண்டு வந்த ராணுவச் சிப்பாயிடம் அடையாள அட்டையை நீட்டினோம். இடுப்பில் மறைத்துக்கொண்டு வந்த இயக்கப் பையனிடம் "வாங்கோ தம்பி, தேத்தண்ணி குடியுங்கோ" என்றோம். இரண்டு பேருக்கும் முன்னால் ஒரே அளவுதான் நடுங்கினோம். இதை வாய்விட்டுச் சொல்லியிருப்பேன். அதற்குள் டெக்சாஸ்காரரின் கண் என் வலது இடுப்பில் வந்து இறங்கிவிட்டது. "தம்பி, நீரும் உள்ளுக்கோ?" என்றார், ஏமாற்றத்தோடு. ஒஹாயோக்காரர் வெற்றிப் பெருமிதத்தில் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சுடுதண்ணிப் பை என்று சொன்னேன். இருவரும் கண்ணடித்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விஷயத்தில் ஒற்றுமை.

ராணியக்கா அதுவரை பொறுத்திருந்தா. பிறகு தட்டை இருவர் மூக்குக்கும் கீழே தள்ளினா. "உங்கட துவக்கை வெளியில வையுங்கோ, உள்ளுக்க வையுங்கோ, அமெரிக்காவில கொண்டுபோய் எங்கயெண்டாலும் வையுங்கோ, நாளைக்கு என்ர பிள்ளை இந்தக் கொடியை வெளியில போடுறதோ உள்ளுக்க போடுறதோ எண்டு ஒருத்தரும் யோசிக்கிறியள் இல்லை."

கேட்காமலே நீட்டிய அட்டைகள்

டெக்சாஸ்காரர் கெட்ட மனிதர் இல்லை. மறுநாள் கோப்பிக் கடையில் பக்கத்து மேசை வெள்ளைக்காரரோடு பேச்சுக் கொடுத்திருக்கிறார். லண்டன் கோழைகளின் ஊர் என்று நினைக்கக் கூடாது, எங்கள் நகைக்கடைக் காவல்காரரும் கோட்டுக்குள் வைத்திருக்கிறார் என்று, எங்கள் பெருமையை உயர்த்துவதாக நினைத்துக்கொண்டு, கடை இருக்கும் இடத்தோடு சொல்லியிருக்கிறார். பக்கத்து மேசைக்காரர் நல்ல பிரஜை. போனை எடுத்துவிட்டார்.

கடையில் நல்ல கூட்டம். திடீரென்று தெருவில் வண்டிகள் குறுக்கே நின்றன. இறங்கியவர்களின் கையில் நீட்டுத் துவக்குகள், நெஞ்சுக்கு முன்னால், நன்றாகத் தெரிகிற மாதிரி. "ஆயுதப் பொலிஸ்! கையைத் தூக்கு!" என்று ஆங்கிலத்தில் சத்தம். எனக்கு அதைக் கேட்டு யோசிக்கவே தேவையிருக்கவில்லை. கை தானாகத் தலைக்குமேல் போய்விட்டது. இத்தனை வருஷம் கழித்து, இத்தனை கடல் தாண்டி, மறுபடியும் ஒரு குழலுக்கு முன்னால் நிற்கிறேனே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. லைசென்ஸ், வேலை, பெட்ரோல் ஷெட் எதுவும் நினைவில் இல்லை. மனைவிக்கு யார் சொல்வார்கள் என்பது மட்டும்தான்.

முதலாளி கவுண்டருக்குக் கீழே மறைந்துவிட்டார். அவர் ஊரில் பார்த்தது தூங்குகிற துப்பாக்கி. விழித்திருக்கிற துப்பாக்கியை அன்றைக்குத்தான் பார்த்தார். ஆனால் வாடிக்கையாளர்கள் செய்ததுதான் பொலிஸையே திகைக்க வைத்தது. ஒருவரும் கத்தவில்லை, ஓடவில்லை. யாரும் சொல்லாமலே சுவரோரம் வரிசையாக நின்றார்கள், முதியவர்கள் முன்னால், பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். எல்லோர் கையிலும் ஒரு அட்டை. டிரைவிங் லைசென்ஸ், பஸ் பாஸ், ஒருவரிடம் நூலக அட்டை. முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, பொலிஸ் வந்து பார்க்கட்டும் என்று நின்றார்கள். "இவர்களை யார் இப்படி நிற்கச் சொன்னது?" என்று இளம் பொலிஸ்காரர் ஒருவர் மற்றவரிடம் கேட்டார். அதற்குப் பதில் சொல்ல ஒரு நாள் போதாது.

பெரிய அதிகாரி என் கோட்டை மெதுவாகத் திறந்து, பச்சைக் கம்பளி உறையை வெளியே எடுத்தார். அமுக்கிப் பார்த்தார். உள்ளே தண்ணீர் குலுங்கியது. என் மனைவி உறையின் மூலையில் ஒரு முயல்குட்டி பின்னியிருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். லைசென்ஸ் அட்டையைச் சரிபார்த்தார், பிழை ஒன்றுமில்லை என்றார், தூக்கிய கையை இறக்கச் சொல்லி, ஒரு கதிரை போட்டு என்னை இருத்தினார். பிறகு பையைத் திரும்ப என் மடியில் வைத்துவிட்டு, முகத்தில் சிரிப்பே இல்லாமல், ஆங்கிலத்தில் சொன்னார்: "ஐயா, தயவுசெய்து இனிமேல் இதை வெளியே தெரிகிற மாதிரிக் கட்டிக்கொள்ளுங்கள்."

ரெட்டைக் கதவு

லைசென்ஸ் தப்பியது. வேலை தப்பவில்லை. கவுண்டருக்குக் கீழேயிருந்து எழுந்துவந்த முதலாளி வேறு மனிதராக எழுந்தார். துப்பாக்கி என்ற சொல்லே கடைக்குள் கேட்கக்கூடாது என்றார். ரெட்டைக் கதவைப் போட்டுவிட்டார். மாதக் கடைசிவரை நில்லு, அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். வீட்டில் சொல்லவில்லை. மனைவி காலையில் பையை நிரப்பும்போது அவவின் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கதவு பிரமாதமான கதவுதான். உள்கதவு முழுதாக மூடினால்தான் வெளிக்கதவு திறக்கும். நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி, மூன்று பேர் நிற்கலாம். வெள்ளிக்கிழமை காலையில் ராணியக்கா கொடி எடுக்க வந்தா, மகளோடும் இரண்டு அமெரிக்கர்களோடும். ராகுகாலம் தொடங்க முன் கொடியோடு கடையை விட்டு வெளியே காலெடுத்து வைத்துவிட வேண்டும் என்று ஐயர் சொல்லி அனுப்பியிருந்தார். நேரம் இருந்தது. கொடியைப் பார்த்தார்கள், வசந்தியக்கா குங்குமம் கொடுத்தார், கண்ணீர் விட்டார்கள், படம் எடுத்தார்கள். நேரம் நெருங்கிவிட்டது.

அவசரமாகக் கிளம்பினார்கள். கொடிப் பெட்டியோடு ராணியக்கா, மகள், ஒஹாயோத் தம்பி மூவரும் கண்ணாடிப் பெட்டிக்குள். டெக்சாஸ் அத்தான் பெண்களுக்குக் கதவைப் பிடிக்கிற பண்பாட்டுக்காரர். உள்கதவைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நின்றார். உள்கதவு மூடவில்லை, ஆகவே வெளிக்கதவு திறக்கவில்லை. கதவை மூடவும் என்று இயந்திரம் இனிமையான ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கியது. "அத்தான், விடுங்கோ!" என்று மூவரும் கத்தினார்கள். "விட்டா நான் தனிய உள்ளுக்க நிண்டிடுவன். கொடியோட போற உங்களுக்கு ஆர் காவல்?" என்று கதவை இன்னும் இறுக்கிப் பிடித்தார். கலியாண வீட்டார் பிரிந்து போகக் கூடாதாம், எல்லோரும் ஒன்றாகத்தான் வாசல் தாண்ட வேண்டுமாம். தானும் அந்தப் பெட்டிக்குள் ஏறப் பார்த்தார். வயிறு உள்ளே போனது, முதுகு போகவில்லை. முதலாளி ரிமோட்டை அமுக்கினார், கதவுக்காரருக்குப் போன் போட்டார், முருகா என்றார். ராணியக்கா கையிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தா. அவவின் முகம் வெளிறிப்போனதைக் கண்ணாடிக்குள்ளால் கண்டேன். பெற்ற பிள்ளையின் கொடி, அபசகுனத்தில் வாசல் தாண்டினால் வாழ்நாள் முழுதும் அந்த மனம் ஆறுமா?

நான் அத்தானுக்குப் பின்னால் போனேன். டெக்சாஸில் துவக்கு தொங்குகிற இடத்தில் இங்கே வெறும் பெல்ட்தான் இருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்து, நாரிப்பிடிப்பையும் மறந்து, ஒரே இழுவை. இருவரும் உள்ளே கம்பளத்தில் விழுந்தோம். உள்கதவு மூடியது, வெளிக்கதவு திறந்தது, ராணியக்கா வலது காலை எடுத்து ஹை ஸ்ட்ரீட்டில் வைத்தா. ராகுகாலம் தொடங்கவில்லை. பிறகு நான் எழுந்து, அடுத்த முறை அத்தானையும் அனுப்பி, நானும் போய், கொடிக்கும் தெருவுக்கும் நடுவில் வழக்கம்போல முதுகைக் காட்டி நின்று, கார்வரை கூட்டிப்போனேன்.

காரில் ஏறுவதற்கு முன் ராணியக்கா திரும்பி வந்து, கண்ணாடிக்கு வெளியே நின்று முதலாளியைக் கூப்பிட்டு, எனக்கு இன்னும் இரண்டு பெட்டைப் பிள்ளைகள் இருக்கினம், அவையளுக்கும் கொடி வேணும், இந்தத் தம்பி வாசலில் நிற்காவிட்டால் வேறு கடை பார்ப்பேன் என்று தெருவே கேட்கச் சொன்னா. அன்று கடை பூட்டும் நேரம் முதலாளி வந்து, கதவைப் பார்த்தபடியே சொன்னார்: "கதவைக் கழட்டிட்டுப் போகச் சொல்லிட்டேன்யா. நீயே நில்லு. ஆனா ஒண்ணு, ராகுகாலம் நெருங்கற நேரத்துல டீ குடிக்கப் போயிடாதே."

துவக்கை வெளியே தூக்கிக்கொண்டு திரிந்தவர்களிடமும் உள்ளே மறைத்துக்கொண்டு திரிந்தவர்களிடமும் உயிர் தப்பி வந்த ஒருவனுக்கு, லண்டனில் வேலை தப்பியது ஒரு டெக்சாஸ்காரரின் பெல்ட்டைப் பிடித்து இழுத்ததால்தான் என்றால், சக காவல்காரர்களே, நம் தொழிலுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துகிறவர்கள் என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்களோ தெரியவில்லை.